காக்கா எடுத்த பிறகு

திருவதிகையில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் துவைக்கிற கல் ஒன்று உண்டு. சோறு வடித்ததும் அம்மா முதல் பிடியை அந்தக் கல்லின் ஓரத்தில் வைப்பார். மேலே கொஞ்சம் பருப்பு, ஒரு சொட்டு நெய். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு முருங்கை மரத்தைப் பார்த்து "கா, கா" என்று இரண்டு முறை கூப்பிடுவார். அப்பா மணையில் உட்கார்ந்துவிட்டாலும் காத்திருக்கத்தான் வேண்டும். "இருங்க, காக்கா எடுக்கட்டும்" என்பார். அது எடுத்த பிறகுதான் எங்கள் தட்டில் சோறு விழும்.

இன்று அதே கல்லுக்கு எதிரே, அடுப்பங்கரை ஜன்னலுக்குப் பின்னால் கேமராவோடு உட்கார்ந்திருக்கிறேன். நெய்வேலி சுரங்கத்தில் முப்பத்தைந்து ஆண்டுகள் வேலை பார்த்து 2018இல் ஓய்வு பெற்றவன் நான். அம்மா போய்விட்டார்; கல் இருக்கிறது. கல்லின் மேல் ஒரு தட்டில் கம்பும் தினையும் போட்டிருக்கிறேன். பக்கத்தில் மண்சட்டி நிறையத் தண்ணீர். முருங்கைக் கிளையில் தொங்கும் கொட்டாங்கச்சியில் ஊறவைத்த அரிசி. கோடை விடுமுறைக்கு வந்த பேத்தி இதையெல்லாம் பார்த்துவிட்டு, "தாத்தா, இது ஃபாரின்ல செய்யறதுதானே?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

சங்க காலத்திலிருந்தே தொடங்கலாம். குறுந்தொகையின் 210ஆம் பாடலில், பிரிந்து போன தலைவன் வீடு திரும்புகிறான். தலைவியைத் தேற்றி வைத்திருந்ததற்காகத் தோழியைப் பாராட்டுகிறான். அந்தப் பாராட்டு, விருந்து வருமென்று கரைந்த காக்கைக்குத்தான் சேர வேண்டும் என்கிறாள் அவள். நள்ளியின் காட்டுப் பசுக்களின் நெய்யைத் தொண்டி வெண்ணெல் சோற்றில் ஊற்றி ஏழு கலத்தில் படைத்தாலும் அதற்குக் குறைவுதான் என்பது அவள் கணக்கு. பாடிய நச்செள்ளையார் சேர மன்னன் ஆடுகோட்பாட்டுச் சேரலாதனைப் பதிற்றுப்பத்தில் பாடியவர். ஒன்பது கா பொன்னும் நூறாயிரம் காணமும் பரிசாகப் பெற்றவர் என்று பதிகம் சொல்கிறது. அத்தனை பெரிய புலவருக்கு ஒட்டிக்கொண்ட அடைமொழி 'காக்கைபாடினியார்'. அம்மா வைத்த ஒரு சொட்டு நெய்யைப் பார்க்கும்போதெல்லாம், அந்த ஏழு கலத்தின் மிச்சம் எங்கள் கிணற்றடி வரை வந்து சேர்ந்திருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றும்.

காக்கைக்கு மட்டும் என்றில்லை. பொங்கலுக்கு மறுநாள் காலையில் கனுப்பிடி வைப்பார்கள். மஞ்சள் இலையை விரித்து மஞ்சள் சோறு, சிவப்புச் சோறு, வெள்ளைச் சோறு, சர்க்கரைப் பொங்கல் என்று சிறு சிறு பிடிகளாக வைத்துவிட்டு, கூடப் பிறந்தவர்கள் நன்றாக இருக்க வேண்டுமென்று பெண்கள் வேண்டிக்கொள்வார்கள். காக்கைகளோடு மைனாவும் தவிட்டுக்குருவியும் அணிலும் வந்துவிடும். அறுவடை முடிந்ததும் நெற்கதிரைக் கொத்தாகக் கட்டி வாசல் நிலையின் மேலோ தாழ்வாரத்திலோ தொங்கவிடுவதும் உண்டு. சிட்டுக்குருவி அதில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு ஒவ்வொரு நெல்லாக உருவும். உமி வாசலில் உதிரும். பெருக்கும்போது அம்மா அதைப் பற்றி முணுமுணுத்து நான் கேட்டதில்லை.

காட்டுப் பறவைக்கு மனிதன் சோறு வைத்த கதைகளில் மிகப் பெரியது எனக்குத் தெரிந்து திருக்கழுக்குன்றத்தில் நடந்தது. எங்கள் திருவதிகையில் சூலை நோய் தீர்ந்து பாடத் தொடங்கிய அப்பர், அந்தக் குன்றையும் பாடியிருக்கிறார். அப்பாவும் அம்மாவும் என்னை அங்கே கூட்டிப்போனபோது எனக்குப் பதினொரு வயது. ஐந்நூறுக்கு மேல் படி. உச்சி வெயிலில் பாறை சுட்டது. பூசை செய்பவர் சர்க்கரைப் பொங்கலோடு பாறையில் வந்து உட்கார்ந்தார். கூட்டம் வாய் பேசாமல் வானத்தைப் பார்த்தது. முதலில் ஒன்று, பின்னால் ஒன்று, இரண்டு வெள்ளைக் கழுகுகள் வட்டமிட்டு இறங்கின. முகம் மஞ்சள், இறக்கையின் ஓரம் கறுப்பு. நடந்து வந்து, அவர் நீட்டிய பொங்கலைத் தின்றுவிட்டு, பாறையில் அலகைத் தேய்த்துத் துடைத்துக்கொண்டு எழும்பிப் போயின. காசியில் நீராடி, இங்கே உண்டு, ராமேசுவரம் போய், சிதம்பரத்தில் அடங்குகின்றன என்று அம்மா சொன்னார். நான் அப்படியே நம்பினேன். அந்த அலகைத் தேய்த்தது இன்றும் கண்ணில் நிற்கிறது.

பறவை நூல்களில் அந்தக் கழுகுக்கு மஞ்சள்முகப் பாறு என்று பெயர். அந்தக் குன்றில் இந்த வழக்கம் நூற்றாண்டுகளாக நடந்தது. 17ஆம் நூற்றாண்டில் ஏறி வந்த டச்சுக்காரர்கள் அங்கே ஒருகல் மண்டபத்தில் தங்கள் பெயர்களைச் செதுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். 1990களில் பறவைகள் வருவது நின்றது. அதே பத்தாண்டில்தான் இந்தியா முழுவதும் பாறுகள் கூட்டம் கூட்டமாகச் செத்து விழுந்தன. மாட்டின் வலிக்குப் போட்ட டைக்ளோஃபினாக் மருந்து, செத்த மாட்டின் இறைச்சி வழியாகப் பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று 2004இல் கண்டுபிடித்தார்கள். 2006இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைப் போடுவதை இந்திய அரசு தடை செய்தது. 2007இல் மஞ்சள்முகப் பாறும் உலக அளவில் அழியும் ஆபத்தில் உள்ள பறவையாகப் பட்டியலில் ஏறியது.

இதை நினைத்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை. மாடு வலியில்லாமல் இருக்கட்டும் என்றுதான் அந்த ஊசியைப் போட்டார்கள். பாறு சாக வேண்டுமென்று யாரும் நினைக்கவில்லை. நாம் தட்டில் வைப்பது மட்டும் பறவைக்கு உணவு என்று நினைத்துக்கொள்கிறோம். வயலில் தெளிப்பதும் குப்பையில் எறிவதும் மாட்டுக்கு ஏற்றுவதும் அதன் வயிற்றுக்குத்தான் போகிறது. எல்லாமே நாம் படைக்கிற படையல்தான்.

கேமரா பின்னால் வந்தது. இங்கிலாந்தில் 1890-91இன் கடுங்குளிரில், பட்டினி கிடக்கும் பறவைகளுக்கு ரொட்டித்தூள் போடச் சொல்லிப் பத்திரிகைகள் எழுத, வீட்டுத் தோட்டத்தில் தீனி வைப்பது அங்கே பரவலானது. 1892இல் அதே நாட்டுக் கியர்ட்டன் சகோதரர்கள் முட்டைகளோடு ஒரு பறவைக் கூட்டைப் படம் பிடித்தார்கள். நம் ஊரில் இந்தக் கலைக்கு ஆசான் மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். 1912இல் பிறந்தவர். 1950 முதல் 1996இல் இறக்கும் வரை ஸ்டேட்ஸ்மன் இதழில் பத்தி எழுதினார். பல கேமராக்களின் பாகங்களைத் தானே சேர்த்துக் கட்டிய கனத்த கருவிக்குச் 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயர் வைத்து, கறுப்பு வெள்ளையிலேயே எடுத்தார். யானையைப் பற்றி எழுதிய அதே அக்கறையோடு வீட்டோரத்துக் காக்கையைப் பற்றியும் எழுதினார். தமிழில் அவர் எழுதிய கட்டுரைகளைப் படித்த பிறகுதான், கொல்லையில் கவனித்துப் பார்க்க வேண்டியது இவ்வளவு இருக்கிறதா என்று எனக்கு உறைத்தது.

என் கொல்லை அப்போது நெய்வேலி குவார்ட்டர்ஸில் இருந்தது. 1930களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணற்றுக்குத் துளை போட்டபோது கறுப்பாக ஏதோ வந்ததுதான் எங்கள் ஊரின் தொடக்கம். 1956இல் நிறுவனம் வந்தது. 1957 மே 20 அன்று நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961இல் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. அதற்காக ஊரைக் காலி செய்து கொடுத்தவர்களின் வீடுகளிலும் ஒரு கிணற்றடி இருந்திருக்கும், காக்கைக்கு ஒரு கல் இருந்திருக்கும். அந்தச் சுரங்கத்துச் சோற்றைத் தின்று வாழ்ந்தவன் நான். அதை மறந்துவிட்டு இந்த வரலாற்றை எழுத முடியாது. குவார்ட்டர்ஸ் கொல்லைகளில் ஆளாளுக்கு மா, பலா, கொய்யா, முருங்கை வைத்தோம். மரம் உயர உயரப் பறவை வந்தது. கொண்டைக்குருவி, செண்பகம், வால்காக்கை, குண்டுகரிச்சான், மதில் மேல் மயில்.

வேலையில் சேர்ந்த ஆண்டு ஆக்ஃபா க்ளிக் கேமரா ஒன்று வாங்கினேன். ஒரு ஃபிலிம் சுருளுக்குப் பன்னிரண்டு படம். அம்மா வைத்த சோற்றைக் காக்கை எடுப்பதைப் பிடித்துவிட வேண்டுமென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை திருவதிகை வந்து முழுச் சுருளையும் செலவழித்தேன். பிரிண்ட் போட்டு வந்தபோது பன்னிரண்டிலும் கல் இருந்தது. ஒன்றில் மட்டும் கல்லின் மேல் கறுப்பாக ஒரு புள்ளி. அம்மா அந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "வந்திருக்குடா" என்றார். சாமி படங்களோடு சேர்த்துச் சட்டம் போட்டு மாட்டினார். இன்னும் அது அங்கேதான் இருக்கிறது.

இப்போது என்னிடம் இருப்பது நிக்கான் பி900. 83 மடங்கு ஜூம். புள்ளியாக இருந்தது இன்று முழுக் காக்கையாகத் தெரிகிறது. காய்ந்த சப்பாத்தித் துண்டைக் காலில் அழுத்திக் கிழித்து, மண்சட்டித் தண்ணீரில் முக்கி, ஊறும் வரை தலையைச் சாய்த்துக் காத்திருந்து பிறகு எடுக்கிறது. படத்தில் அதன் கண் சில சமயம் வெண்மையாக விழும்; கண்ணின் குறுக்கே ஓடும் மெல்லிய சவ்வு அது. புள்ளிச்சில்லை தினையை அப்படியே விழுங்குவதில்லை. அலகின் ஓரத்தில் வைத்து உருட்டி, தோலைக் கழற்றித் தள்ளிவிட்டுப் பருப்பை மட்டும் உள்ளே வாங்குகிறது. படத்தைப் பெரிதாக்கினால் அலகோரத்தில் ஒட்டியிருக்கும் ஒரு செதில் தோல் தெரியும். தவிட்டுக்குருவிகள் ஏழெட்டாக வந்தாலும் ஒன்று முருங்கையிலேயே நின்று காவல் காக்கும். அது குரல் கொடுத்தால் கல் காலி. வாசல் கொத்தில் தொங்கிய சிட்டுக்குருவி மட்டும் எங்கள் தெருவில் இப்போது இல்லை. தொங்கவிட நெற்கதிரும் இல்லை, வயல்கள் மனையாகிவிட்டன.

சென்னை ராயப்பேட்டையில் கேமரா பழுது பார்த்துவந்த ஜோசப் சேகர், 2004 சுனாமிக்குப் பிறகு மொட்டை மாடியில் பலகை போட்டு ஊறவைத்த அரிசியை வைக்கத் தொடங்கினார். ஒன்றிரண்டாக வந்த கிளிகள் ஆயிரக்கணக்கில் பெருகின. மாலையில் அந்த மாடி பச்சையாகிவிடும் படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எனக்கு அவ்வளவு கூட்டம் வேண்டாம். கூட்டம் சேரும் இடத்தில் நோயும் சேரும். அதனால் தட்டையும் சட்டியையும் தினமும் தேய்த்துக் கழுவுகிறேன், உப்புப் போட்ட பண்டம் எதையும் வைப்பதில்லை, கொல்லையில் பூச்சிமருந்து அடிப்பதில்லை. கழுக்குன்றம் எனக்குக் கற்றுக்கொடுத்தது இவ்வளவுதான்.

2015 முதல் தமிழ்நாட்டில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. ஓரிடத்தில் குறைந்தது பதினைந்து நிமிடம் இருந்து, கண்ட பறவைகளை எல்லாம் எண்ணி இணையத்தில் ஏற்ற வேண்டும். அந்த நாட்களுக்குள்தான் கனுவும் வரும். இந்த ஆண்டு மருமகள் மஞ்சள் இலையைக் கல்லில் விரித்துப் பிடி வைத்தாள். நான் நோட்டோடு ஜன்னலில் உட்கார்ந்தேன். பேத்தி பக்கத்தில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பசி எடுத்து, "தாத்தா, சாப்பிடலாமா?" என்றாள்.

"இரு கண்ணு, காக்கா எடுக்கட்டும்."

முருங்கையிலிருந்து ஒன்று இறங்கியது. கல்லின் ஓரமாக இரண்டு எட்டு நடந்து, மஞ்சள் பிடியைக் கொத்தியது. மணி 8.10. பட்டியலின் முதல் வரியைப் பேத்தி தன் கையெழுத்தில் எழுதினாள்: காகம், 1.