லண்டனிலிருந்து யாழ்ப்பாணம்: எவ்வளவு தூரம், எத்தனை மணித்தியாலம்?

ஊரிலிருந்து துக்கச் செய்தி வந்ததும் நாங்கள் முதலில் பார்ப்பது, கொழும்புக்கு எத்தனை மணித்தியாலம் என்பதைத்தான். கிடைக்கும் விடை 11. சில வருடங்களுக்கு முன் பெரியம்மாவின் செத்தவீட்டுக்கு அதை வைத்தே நேரம் சொன்னோம். விமானம் பிந்தவில்லை. ஆனால் நாங்கள் போய் இறங்கியபோது முற்றத்தில் பந்தல் மட்டும்தான் நின்றது. கணக்கு எழுதிப் பிழைக்கும் நாங்களே கூட்டலில் பிழை விட்டோம். உங்களுக்கு அது நேராதிருக்க இந்த விபரம்.

தூரம் (ஏறத்தாழ)

ஹீத்ரோ – கட்டுநாயக்க: 8,700 கிலோமீற்றர்
ஹீத்ரோ – சென்னை: 8,200 கிலோமீற்றர்
சென்னை – பலாலி: 355 கிலோமீற்றர்
கொழும்பு – யாழ்ப்பாணம், வீதியால்: 400 கிலோமீற்றர்

விமானத் தூரங்கள் பூமிப்பந்தின் மேல் அளந்த மிகக் குறுகிய தூரங்கள். மூடிய வான்பரப்புகளைச் சுற்றிப் போகும்போது பறக்கும் தூரம் இதைவிடக் கூடும். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் காற்று, போகும்போது தள்ளிவிடும், வரும்போது எதிர்க்கும். அதனால் திரும்பும் பயணம் பெரும்பாலும் அதிக நேரம் எடுக்கும்.

கட்டுநாயக்க வழி

வீட்டிலிருந்து புறப்பட்டு விமானம் ஏறும்வரை 4 மணித்தியாலம். இடைத்தரிப்பில்லாப் பறப்பு 11. குடிவரவும் பொதிகளும் ஒன்றரை. வானில் யாழ்ப்பாணம் ஏழரை. மொத்தம் 24. விமானத்தில் இருப்பது பாதி நேரம்கூட இல்லை.

சென்னை வழி

பலாலி 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. கொரோனாவால் நின்ற சென்னைச் சேவை 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. இந்த வழியில் புறப்பாட்டுக்கு 4, சென்னைக்கு 10, பலாலிக்கு ஒன்றரை, இறங்கி வீடு சேர ஒன்றரை, ஆக 17. சென்னையில் காத்திருப்பு 7 மணித்தியாலத்துக்குள் இருந்தால் இந்த வழி இலாபம். கூடினால் கட்டுநாயக்கவே மேல். இரண்டு விமானங்களுக்கும் தனித்தனிச் சீட்டு எடுத்தால், இந்திய விசா வேண்டுமா, பொதிகளை நேரே மாற்றுவார்களா, இரண்டாவது விமானத்தில் எத்தனை கிலோ விடுவார்கள் என்று காசு கட்டும் முன் கேளுங்கள்.

மணிக்கூட்டு வித்தியாசம்

இலங்கை நேரம் லண்டனை விடக் குளிர்காலத்தில் ஐந்தரை மணித்தியாலமும், கோடையில் நாலரை மணித்தியாலமும் முன்னால் நிற்கும். குளிர்காலத்தில் மாலை 5 மணிக்கு லண்டன் வீட்டைப் பூட்டினால், கட்டுநாயக்க வழியாக ஊர் வாசலில் நிற்பது மறுநாள் இரவு பத்தரைக்கு. சவத்தை எடுப்பது மறுநாள் பின்னேரம் என்றால் முகம் பார்க்க முடியாது.

ஆகவே ஊருக்குச் சொல்லும்போது விமானம் இறங்கும் நேரத்தைச் சொல்லாதீர்கள். வாசலுக்கு வரும் நேரத்தை, இலங்கை மணிக்கூட்டில், தாமதத்துக்கு இரண்டு மூன்று மணித்தியாலம் கூட்டிச் சொல்லுங்கள். எடுக்கும் நேரத்தை அவர்கள் அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.