மும்பைத் தீவில் தமிழர் கல்வியும் குடும்ப வாழ்வும்

ஏழு தீவுகளாகப் பிரிந்து கிடந்த நிலம் கடலைத் தூர்த்து ஒன்றாக்கப்பட்டதே மும்பை மாநகரின் தொடக்க வரலாறு ஆகும். 1784 அளவில் நிறைவுற்ற ஹார்ன்பி வெல்லார்டு அணையும், 1845இல் திறக்கப்பெற்ற மாகிம் கடற்பாதையும் அவ்வரலாற்றின் முக்கியப் படிநிலைகளாகும். மாகிமுக்கும் சயானுக்கும் இடையே உப்பங்கழியோரம் கோலி மீனவர் வாழ்ந்த தாராவி, தீவின் வடபகுதியில் அமைந்த மாட்டுங்கா, முன்னர்த் திராம்பேத் தீவைச் சார்ந்திருந்த செம்பூர் ஆகிய மூன்றும் தமிழர் மிகுதியாகக் குடியேறிய இடங்கள். இவற்றில் வாழ்ந்த குடும்பங்கள் ஒரே மொழியைப் பேசியபோதிலும், அவற்றின் பிள்ளைகள் கற்ற வழிகள் வேறுபட்டன. அவ்வேறுபாட்டையும் அதன் விளைவையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

குடியேற்றமும் குடும்பமும்

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோல் பதனிடும் தொழில் தாராவியில் வளர்ந்தது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து முஸ்லிம் தோல் வணிகரும் ஆதிதிராவிடத் தொழிலாளரும் அங்கு வந்து சேர்ந்தனர். 1887ஆம் ஆண்டைச் சேர்ந்த பெரிய மசூதியும், 1913இல் எழுந்த பிள்ளையார் கோயிலும் அக்குடியிருப்பு வேரூன்றியமையைக் காட்டுவன. ஆண்கள் முதலில் வந்து, வேலை நிலைத்த பின்னரே மனைவி மக்களை அழைத்துக்கொள்ளும் வழக்கம் இருந்தது. ஒற்றை அறையே அடுக்களையாகவும் தொழிற்கூடமாகவும் பிள்ளைகள் படிக்கும் இடமாகவும் அமைந்தது. விடியுமுன் இட்லி அவித்து நகரெங்கும் விற்பனைக்கு அனுப்பும் குடும்பங்களில், மூத்த பெண்பிள்ளை தம்பி தங்கையரைப் பேணும் பொறுப்பையும் ஏற்றாள். பள்ளிக்குச் செல்லும் நேரம் இவ்வாறு குடும்பத்தின் உழைப்பு நேரத்தோடு போட்டியிட்டது.

மாட்டுங்காவின் நிலை வேறு. 1896இல் பரவிய கொள்ளைநோயை அடுத்து 1898இல் நகர மேம்பாட்டு அறக்கட்டளை நிறுவப்பெற்றது. அது திட்டமிட்டு அமைத்த தெருக்களில் எழுத்தர், கணக்கர் முதலிய அலுவலகப் பணியாளர் குடும்பங்கள் குடியமர்ந்தன. செம்பூரை அடுத்த திராம்பேயில் 1954இல் அணு ஆற்றல் ஆய்வு நிறுவனம் தொடங்கப்பெற்றது. அதனைச் சூழ்ந்து வளர்ந்த தொழில்களும் படித்த தமிழரை அப்பகுதிக்கு ஈர்த்தன.

பள்ளியும் மொழியும்

1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் மாட்டுங்காவில் தோன்றியது. 1960இல் அது சயானில் கல்லூரியும் தொடங்கியது. பள்ளி முதல் பட்டம் வரையிலான தொடர்ச்சியான ஏணி இதனால் கிடைத்தது. அவ்வேணியின் மொழி பெரிதும் ஆங்கிலம் ஆயினும், தமிழை வீடும் கோயிலும் இசைச் சபையும் காத்தன. 1963இல் திறக்கப்பெற்ற சண்முகானந்தா அரங்கம் இதற்குச் சான்றாகும்.

தாராவிப் பிள்ளைகள் பலருக்குக் கிடைத்தது மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளி. மராத்தி, இந்தி, உருது, குசராத்தி, ஆங்கிலம், தெலுங்கு, கன்னடம் ஆகியவற்றோடு தமிழிலும் மாநகராட்சி பள்ளி நடத்தியமை போற்றத்தக்கது. ஆயினும் அதன் முதன்மைப் பொறுப்பு நெடுங்காலம் ஏழாம் வகுப்பு வரையிலான தொடக்கக் கல்வியாகவே இருந்தது. 1956இல் அரசமைப்பில் சேர்க்கப்பெற்ற 350அ உறுப்பும், மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கநிலையில் மட்டுமே தாய்மொழிவழிக் கல்விக்கு வசதி செய்யுமாறு கூறுகிறது என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

ஏழாம் வகுப்பு முடிந்த பிள்ளையின் முன் மூன்று வழிகள் நின்றன: அறிமுகமற்ற மொழிவழிக்கு மாறுதல், ஊரிலுள்ள தாத்தா பாட்டியிடம் சென்று படித்தல், படிப்பை விட்டு வேலைக்குச் செல்லுதல். முதலாவது பிள்ளையின் கற்றலையும், இரண்டாவது குடும்பத்தின் ஒருமையையும், மூன்றாவது எதிர்காலத்தையும் விலையாகக் கேட்டன. பெண்பிள்ளைக்கு மூன்றாம் வழியே எளிதில் வாய்த்தது. 1966இல் சிவசேனை தோன்றி, தென்னிந்தியர் வேலைவாய்ப்பைப் பறிக்கின்றனர் என்னும் முழக்கம் வலுத்தபோது, தமிழ்வழியில் மட்டும் கற்றவரின் கவலை மேலும் பெருகியது.

இந்நிலையில் பெற்றோர் ஆங்கிலவழிப் பள்ளிகளை நாடியதைத் தாய்மொழிப் பற்றின்மை எனக் கூறுதல் பொருந்தாது. தைப்பொங்கலன்று தெருவில் வரிசையாகப் பானை வைக்கும் அதே குடும்பங்களே பிள்ளையை வேறு மொழிப் பள்ளியில் சேர்த்தன. பாதியில் முடியும் ஏணியில் பிள்ளையை ஏற்ற அவை தயங்கின என்பதே உண்மை.

முடிவுரை

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் கட்டாயக் கல்வியை எட்டாம் வகுப்பு வரை நீட்டித்தது. எனினும், உயர்நிலைக் கல்வி எந்த மொழியில் தொடரும் என்னும் வினாவுக்கு அது விடையளிக்கவில்லை. 2022இல் ஒப்பந்தப்புள்ளி முடிவான தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தில், 2000ஆம் ஆண்டு சனவரி முதல் நாளுக்குப் பின் குடியேறியோர்க்குத் தாராவிக்கு வெளியே வீடு வழங்கத் திட்டமிடப்பட்டுள்ளது. குடும்பங்கள் சிதறினால், அருகருகே வாழும் பிள்ளைகளைக் கொண்டே நடைபெறும் தமிழ்வழி வகுப்புகளும் குன்றும். வீடுகளைக் கணக்கிடுவோர் பள்ளிகளையும் உடன் கணக்கிடுதல் வேண்டும். வீடு, கோயில், சபை ஆகியவற்றின் துணையால் மாட்டுங்காத் தமிழர் மொழியைக் காத்தனர். வசதி குறைந்த தாராவித் தமிழர் அப்பணியைப் பள்ளியிடம் ஒப்படைத்தனர். அப்பள்ளி இடைநின்றதன் இழப்பை மிகுதியும் சுமந்தவை அவர்தம் குடும்பங்களே என்பது இவ்வரலாற்றால் புலனாகிறது.