காட்டுப்பால் பல்லுக்குள் வந்த கதை

மலாய்க் காட்டு மரமொன்றின் பால் அது. உறைந்தால் தோல்போலக் கெட்டிப்படும், வெந்நீரில் போட்டால் இளகும், ஆறியதும் கொடுத்த வடிவத்தில் அப்படியே நிற்கும். மலாய்க்காரர்கள் அதில் கத்திப்பிடி செய்துவந்தார்கள். சிங்கப்பூரிலிருந்த கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் வில்லியம் மான்ட்கோமரி 1843இல் அதை லண்டனுக்கு அனுப்பிவைக்க, கட்டாபெர்ச்சா என்ற அந்தப் பால் கடல் கடந்தது.

1851இல் இங்கிலாந்தின் டோவருக்கும் பிரான்ஸின் கலேவுக்கும் இடையே கடலடியில் போட்ட தந்திக் கம்பிக்கு இதுவே உறை. ரப்பர் மரத்தைப்போல் கீறிவிட்டுக் காத்திருந்தால் இந்தப் பால் போதிய அளவு வடியாது. மரத்தையே சாய்க்க வேண்டும். கம்பி நீள நீளக் காடு கரைந்தது. 1867இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் பௌமன் என்ற பல் மருத்துவர் பல்லின் வேர்க் கால்வாயை அடைக்க இதைப் பயன்படுத்தினார்.

இன்று பல் மருத்துவரிடம் அது ஊசிபோல் மெலிந்த குச்சி. அதில் கட்டாபெர்ச்சா சுமார் ஐந்தில் ஒரு பங்குதான், பெரும்பகுதி துத்தநாக ஆக்ஸைடு. வேரை அடைப்பதைவிட அது துப்பு துலக்குவதுதான் எனக்குப் பிடித்தது.

ஈறில் கொப்புளம், அழுத்தினால் சீழ், பல்லும் லேசாக ஆடுகிறது. காரணம் உள்ளே செத்துப்போன நரம்பா, ஈறு நோயா, இரண்டுமா? எலும்பு கரைந்திருப்பதை எக்ஸ்ரே காட்டும். கரைச்சல் எங்கே தொடங்கியது என்பதைப் பெரும்பாலும் காட்டாது. டாக்டர் கொப்புளத்தின் துளைவழியே குச்சியை மெல்லச் செலுத்துவார். தட்டி நின்றதும் எக்ஸ்ரே படம் ஒன்று. படத்தில் குச்சி காட்டும் வெள்ளைக் கோடு வேர்நுனியில் போய் முடிந்தால் நரம்பின்மேல் சந்தேகம். வேரின் பக்கவாட்டில் நின்றால் ஈறு நோயோ விரிசலோ இருக்கலாம். குளிர் வைத்துப் பார்த்துப் பல் கூசுகிறதா என்றும் சோதிப்பார்கள். கூசினால் நரம்புக்கு உயிர் இருக்கிறது.

நரம்பு செத்திருந்தால் வேர் சிகிச்சைதான் முதலில். பிறகு இரண்டு மூன்று மாதம் பொறுக்க வேண்டும். நோயாளிக்குப் பிடிக்காத கட்டம் இது. ஆனால் வேர்நுனிச் சீழ் வெளியேற வெட்டிக்கொண்ட வழிதான் பல்லுக்கும் ஈறுக்கும் இடையே உள்ள பள்ளம் என்றால், அதற்குள் தானே மூடிக்கொள்ளும். அவசரப்பட்டு வேரை ஆழமாகச் சுரண்டினால், பல்லைப் பிடித்திருக்கும், மீண்டும் ஒட்டக்கூடிய நார்களும் போய்விடும்.

ஈறு நோயும் சேர்ந்திருந்தால் பள்ளம் மூடாது. ஈறைத் திறந்து வேரைச் சுத்தம் செய்வார்கள். எலும்பு மிகவும் போயிருந்தால் பல்லைப் பிடுங்குவதுதான் வழி; உள்ளே அடைத்த கட்டாபெர்ச்சாவும் கூடவே வந்துவிடும்.