ரெண்டு ரங்கராஜன்களில் ஒருத்தர்

ஸ்ரீரங்கத்துல தாத்தா வீட்டுக்கு லீவுக்குப் போனா ரெண்டு விஷயம் தப்பாது. ஒண்ணு, காலையில அம்மா மண்டபம் படித்துறையில குளியல். இன்னொண்ணு, டிவியில வாலியோட பாட்டு வந்தா தாத்தாவோட புலம்பல். "நம்மூர்ப் பையன். எம்.ஜி.ஆருக்கு எப்பேர்ப்பட்ட பாட்டெல்லாம் எழுதினவன். கடைசியில ரயில் சத்தத்துக்கெல்லாம் வார்த்தை போட்டான்"னு சொல்லிட்டு சேனலை மாத்திடுவார்.

ரொம்ப நாளா எனக்கும் அதே எண்ணம்தான். 'நல்லா எழுதத் தெரிஞ்ச மனுஷன், காசுக்காக எழுதி வீணாப் போயிட்டார்'. இப்ப அந்த எண்ணத்தை மாத்திக்கிட்டேன். ஏன்னு சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க மக்களே.

வாலியோட நிஜப்பேர் ரங்கராஜன். 1931 அக்டோபர் 29 அன்னைக்கு திருப்பராய்த்துறையில பிறந்தார். திருச்சியிலிருந்து கரூர் போற ரோட்டுல, காவிரிக் கரையில இருக்கற சிவஸ்தலம். வளர்ந்ததெல்லாம் ஸ்ரீரங்கம். ஐயங்கார் வீட்டுப் பையன், ஆனா முருக பக்தர்! முதல்ல அவருக்கு வந்த கிறுக்கு எழுத்து இல்லை, ஓவியம். அப்ப ஆனந்த விகடன்ல மாலி படங்கள் பிரபலம். நீயும் அவரை மாதிரி வரணும்னு சொல்லி கூடப் படிச்ச நண்பர் ஒருத்தர் வெச்ச பேருதான் 'வாலி'. படம் வரையறது நின்னு போச்சு, பேரு மட்டும் ஒட்டிக்கிச்சு.

அடுத்து நண்பர்களோட சேர்ந்து 'நேதாஜி'ன்னு ஒரு கையெழுத்துப் பத்திரிகை. நம்மள மாதிரி பதிவு எழுதறவங்களுக்கு இந்த சுகம் புரியும். காசு கிடையாது, வாசகர் நாலு பேரு, ஆனா இதழ் வந்தே ஆகணும். அந்தப் பத்திரிகையோட முதல் பிரதியை வெளியிட வந்தவர் யாரு தெரியுமா? சாட்சாத் கல்கி! அந்த விழாவை வேடிக்கை பார்க்க வந்த சின்னப் பசங்கள்ல இன்னொரு ரங்கராஜனும் இருந்தான். அந்தப் பையன் பின்னாடி பொண்டாட்டி பேரை வெச்சுக்கிட்டு எழுதி, சுஜாதான்னு தமிழ்நாட்டையே கட்டிப்போட்டது நமக்குத் தெரியும். ஒரே ஊரு, ஒரே பேரு, நாலு வயசு வித்தியாசம். ரெண்டு பேருமே சொந்தப் பேரைத் தூக்கிப் போட்டுட்டுத்தான் ஜெயிச்சாங்க.

அந்த விழாவுக்குத் திருச்சி வானொலிக்காரர் ஒருத்தரும் வந்திருந்தார். 1939லயே ஆரம்பிச்ச நிலையம் அது. அவர் மூலமா வாலிக்கு வானொலிக்குக் கதை, நாடகம்னு எழுத வாய்ப்பு கிடைச்சுது. நான் இதைத்தான் முக்கியமான திருப்பம்னு நினைக்கிறேன். ரேடியோவுல இத்தனை நிமிஷம்னா இத்தனை நிமிஷம்தான். கேக்கறவன் திரும்பப் புரட்டிப் பார்க்க முடியாது, காதுல விழுந்தவுடனே புரியணும். சினிமாப் பாட்டுக்கு இதைவிட நல்ல டிரெயினிங் எது?

திருச்சியில இருந்தப்ப ஒரு முருகன் பாட்டை எழுதி டி.எம்.எஸ்ஸுக்கு அனுப்பினார். டி.எம்.எஸ் அதுக்கு மெட்டுப் போட்டுப் பாடினார். இன்னைக்கும் ஆடிக் கிருத்திகைன்னா மைக்செட்டுல ஓடற பாட்டு அது. அவர் குடுத்த தைரியத்துலதான் வாலி மெட்ராஸுக்கு ரயில் ஏறினார்.

மெட்ராஸ் ஒண்ணும் ஆரத்தி எடுத்து வரவேற்கலை. தி.நகர் கிளப் ஹவுஸ்ல வாசம். அங்கே கூட்டாளி, அப்ப வாய்ப்புக்காக அலைஞ்சுக்கிட்டிருந்த நாகேஷ். 1950கள் கடைசியில 'அழகர் மலைக் கள்வன்' படத்துல முதல் பாட்டு. அதுக்கப்புறமும் அங்கொண்ணு இங்கொண்ணுதான். வெறுத்துப் போய் ஊருக்கே திரும்பிடலாம்னு முடிவு பண்ணின நேரத்துல, பார்க்க வந்த பி.பி.ஸ்ரீனிவாஸ், புதுசா என்ன பாட்டு பாடினீங்கன்னு கேட்டதுக்கு, 'சுமைதாங்கி' (1962) படத்துக்காகக் கண்ணதாசன் எழுதின பாட்டைப் பாடிக் காட்டினாராம். துவண்டு போனவனுக்கு ஆறுதல் சொல்ற பாட்டு. கேட்டுட்டு வாலி பெட்டியைக் கட்டற எண்ணத்தை விட்டுட்டார். இதை வாலியே பல மேடைகள்ல சொல்லியிருக்கார். யோசிச்சுப் பாருங்க, எந்தக் கவிஞருக்குப் போட்டியா பின்னாடி இவரை நிறுத்தினாங்களோ, அவரோட பாட்டுதான் இவரை மெட்ராஸ்ல நிறுத்தி வெச்சுது!

1963ல கே.எஸ்.கோபாலகிருஷ்ணனோட 'கற்பகம்'. எல்லாப் பாட்டும் வாலி, எல்லாம் பாடினது சுசீலா. 1964ல 'படகோட்டி', அதுலயும் அத்தனை பாட்டும் இவர்தான். 1965ல 'எங்க வீட்டுப் பிள்ளை', எம்.ஜி.ஆர் கையில சாட்டையோட பாடற பாட்டு. அது தியேட்டருக்குள்ள நிக்கலை, நேரா அரசியல் மேடைக்குப் போயிடுச்சு. எம்.ஜி.ஆரோட ஒரு சின்ன ஊடலும் உண்டு. 'உலகம் சுற்றும் வாலிபன்' (1973) சமயம், "டைட்டில்ல உம்ம பேர் வராது"ன்னு எம்.ஜி.ஆர் விளையாட்டாச் சொல்ல, என் பேரை எடுத்தா உங்க படம் 'உலகம் சுற்றும் பன்' ஆயிடுமேன்னு வாலி திருப்பிக் குடுத்தாராம் :-)

இப்ப தாத்தாவோட குற்றச்சாட்டுக்கு வருவோம்.

1991 தளபதி. அதுல வர்ற குத்துப்பாட்டு 2002ல பிபிசி உலக சேவை நடத்தின ஓட்டெடுப்புல நாலாவது இடம் பிடிச்சுது. கும்மாளத்துக்கு நடுவுல அப்பர் தேவாரம் வருமே, அதே பாட்டுதான். 1992 மன்னன். ஜேசுதாஸ் பாடின அம்மா பாட்டு. இன்னைக்கும் அதைக் கேட்டா எங்க பாட்டி கண்ணைத் துடைச்சுக்குவாங்க. 1993 ஜென்டில்மேன், தாத்தா திட்டற அந்த ரயில் பாட்டு. 1994 காதலன், பிரபுதேவா எலும்பில்லாத மாதிரி ஆடினாரே, அந்தப் பாட்டு. நாலு வருஷம், நாலும் ஒரே பேனா, எழுதினவருக்கு வயசு அறுபதுக்கு மேல!

நான் சாஃப்ட்வேர்ல குப்பை கொட்டறவன். கிளையன்ட் கேக்கறதைச் செஞ்சு குடுக்கறதுதான் பொழப்பு. 'இதுல உன்னோடது என்ன இருக்கு'ன்னு ராத்திரி ரெண்டு மணிக்குத் தோணும். வாலிக்கும் மெட்டு இன்னொருத்தரோடது, காட்சி இன்னொருத்தரோடது, வாயசைக்கிற முகமும் இன்னொருத்தரோடது. அந்த அளவுக்குள்ள தன்னோடதை எங்கே வெச்சார்?

எனக்குத் தெரிஞ்ச பதில் 'எதிர்நீச்சல்'ல (1968) இருக்கு. பாலச்சந்தர் படம், வி.குமார் இசை. பக்கத்து வீட்டு அம்மாவோட புடவையைப் பார்த்துட்டு சௌகார் ஜானகி ஸ்ரீகாந்தைப் பிடுங்கி எடுக்கற பாட்டு ஞாபகம் இருக்கா? அது அப்படியே உத்தர வீதித் திண்ணைப் பேச்சு. பிள்ளையா இருந்தப்ப காதுல விழுந்ததை டியூனுக்குள்ள உட்கார வெச்சுட்டார். படகோட்டியில மீனவன் பேச்சு, இங்கே மாமி பேச்சு, காதலன்ல மெட்ராஸ் பசங்க பேச்சு. யார் பாடறாங்களோ அவங்க நாக்கு அவருக்கு வந்துடும். திருச்சி வானொலிக்கு நாடகம் எழுதின கை அது. ஒவ்வொரு பாட்டும் அவருக்கு ஒரு பாத்திரம் பேசற வசனம்தான்னு எனக்குத் தோணுது. தாத்தா தேடினது வாலியோட குரலை. வாலியோ அடுத்தவங்க குரலைத்தான் எழுதிக்கிட்டிருந்தார்.

தன் குரல்ல எழுத அவருக்கு வேற இடம் இருந்துச்சு. விகடன்ல தொடரா வந்த 'அவதார புருஷன்' (ராமாயணம்), 'பாண்டவர் பூமி' (பாரதம்). நடுவுல பாலச்சந்தரோட 'கையளவு மனசு' டிவி சீரியல்ல நடிச்சும் பார்த்தார். 2007ல பத்மஸ்ரீ. 2008ல 'தசாவதாரம்' பாட்டுக்கு மாநில அரசு விருது. அதுல வைணவத்துக்காகக் கடல்ல மூழ்கற கமலோட பாத்திரத்துக்குப் பேரு ரங்கராஜ நம்பி. அந்தப் பாட்டை ஒரு ரங்கராஜனே எழுதினது பொருத்தம்தானே?

2013 ஜூலை 18 அன்னைக்கு, 81 வயசுல சென்னையில காலமானார். அதுக்குச் சில மாசம் முன்னாடி வந்த படம் ஒண்ணு. பேரு என்ன தெரியுமா? 'எதிர்நீச்சல்'. அனிருத் இசை, அப்ப அவருக்கு வயசு 22. அதுலயும் வாலி பாட்டு உண்டு. ஒரே தலைப்பு, 45 வருஷ இடைவெளியில ரெண்டு படம், ரெண்டுலயும் அதே ஆள்!

போன லீவுல இதைத் தாத்தாகிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "அந்தப் புடவைப் பாட்டை உன் போன்ல போடு"ன்னார். போட்டேன். முடிஞ்சதும், "எங்க அத்தை இப்படித்தான்டா பேசுவா"ன்னார். அடுத்து ரயில் பாட்டைப் போட்டேன்.

போனைப் பிடுங்கி அணைச்சுட்டார் :-)

பின்குறிப்பு: வாலியோட தன்வரலாறு 'நானும் இந்த நூற்றாண்டும்' கிடைச்சா விடாதீங்க. அவர் எழுத்துல உங்களுக்குப் பிடிச்ச பாட்டு எந்தப் படத்துல, யாரோட பேச்சா வருதுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க.