நுவரெலியா: ஒரே மலை, வேறு வேறு கண்கள்

நுவரெலியாவைப் பற்றி இரண்டு பேர் ஒரே அபிப்பிராயத்தைச் சொல்லி நான் கேட்டதில்லை. ஏப்ரல் மாத வசந்த காலத்தில் போய் வந்தவர் அதைச் சொர்க்கம் என்பார். யூலையில் போனவரோ, விடுதி அறைக்குள் முடங்கிக் கிடந்ததாகவும், பத்தடிக்கு அப்பால் எதுவுமே தெரியவில்லை என்றும் அலுத்துக்கொள்வார். இருவர் கூற்றும் உண்மைதான். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள அந்தப் பள்ளத்தாக்கைத் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் முகில் மூடிவிடும். சனவரி, பெப்ரவரியில் வானம் தெளிந்திருக்கும். ஆனால் சில விடியற்காலைகளில் புல்லின்மேல் உறைபனி படிந்திருக்கும். வேறு வேறு மாதங்களில் போனவர்கள் வேறு வேறு ஊர்களையே பார்த்துத் திரும்புகிறார்கள் எனலாம்.

ஆனால் இந்தக் கருத்து வேறுபாடு மாதத்தை மட்டும் பொறுத்ததன்று. அதற்கு இருநூறு வருட வரலாறு உண்டு.

ஆங்கிலேய இராணுவ மருத்துவரான டொக்டர் ஜோன் டேவி 1819 இல் இப்பள்ளத்தாக்கைக் கண்டார். 1821 இல் வெளிவந்த தமது நூலில், மனித வாசமற்ற, யானைகளும் பிற காட்டு விலங்குகளும் ஆளுகின்ற இடமாக அதை அவர் வர்ணித்தார். பின்னாளில் வந்த பலரும் 'ஆளில்லாத நிலம்' என்ற இந்த எண்ணத்தையே பற்றிக்கொண்டார்கள். ஆளுநர் சேர் எட்வேர்ட் பார்ன்ஸ் அங்கு தமக்கொரு மாளிகை கட்டினார். நோயுற்ற படைவீரர்கள் உடல் தேறுவதற்கு ஒரு நிலையமும் அமைந்தது. அந்த மாளிகை இருந்த இடத்திலேதான் இன்றைய கிராண்ட் ஹோட்டல் நிற்கிறது.

பின்னர் நைல் நதிப் பயணங்களால் புகழ்பெற்ற சேர் சாமுவேல் பேக்கரும் நோயாளியாகவே இங்கு வந்தவர். காட்டுக் காய்ச்சலால் நலிந்திருந்த அவருக்கு நுவரெலியாக் காற்று விரைவிலேயே உடலைத் தேற்றிவிட்டது. அந்த மகிழ்ச்சியில், இங்கே ஓர் ஆங்கிலக் கிராமத்தையே உருவாக்கிவிடுவது என்று முடிவு செய்து, 1848 இல் இங்கிலாந்திலிருந்து குடும்பங்களையும் கால்நடைகளையும் விதைகளையும் கப்பலேற்றிக் கொண்டுவந்தார். மலை அவரை அவ்வளவு எளிதாக ஏற்றுக்கொள்ளவில்லை. கால்நடைகள் பல செத்தன. முதலில் நட்ட உருளைக்கிழங்கைப் புழுக்கள் தின்றன. ஆயினும் இலங்கையில் கழித்த எட்டு வருடங்களைப் பற்றி அவர் எழுதிய நூல் 1855 இல் வெளியானபோது, அந்தக் காலநிலையை மெச்சும் குரலே அதில் ஓங்கியிருந்தது. நோயிலிருந்து மீண்டவனுக்கு மீண்ட இடம் அழகாகத்தானே தெரியும்! அதே பேக்கர், பழங்காலத்து மாணிக்கக் குழிகளையும் அங்கே கண்டு எழுதியிருக்கிறார். 'ஆளில்லாத நிலம்' என்றைக்குமே ஆளற்றிருந்த நிலமன்று என்பதற்கு அவருடைய நூலே சாட்சியாகிறது.

எல்லா ஐரோப்பியரும் அவரோடு உடன்படவில்லை. 1882 இல் இங்கு ஏறிவந்த ஜேர்மனிய உயிரியல் அறிஞர் ஏர்ன்ஸ்ட் ஹெக்கல் தென்னிலங்கைக் கடற்கரையில் சொக்கிப்போனவர். நுவரெலியாவின் ஈரக்குளிரோ அவரை அவ்விதம் கவரவில்லை. ஆங்கிலேயருக்கு ஊர் ஞாபகம் ஊட்டிய அதே மூடுபனி ஒரு ஜேர்மனியருக்கு வெறும் மூடுபனியாகவே இருந்ததில் வியப்பில்லை.

ஊர் ஞாபகத்தைக் காட்சியாகவே மாற்றிவிடும் அதிகாரமும் ஆங்கிலேயரிடம் இருந்தது. இன்று நாம் 'இயற்கைக் காட்சி' என்று நின்று பார்ப்பதில் பெரும்பகுதி அவர்கள் செய்து வைத்ததே. ஆளுநர் சேர் வில்லியம் கிரகரி 1873 இல் சதுப்பு நிலத்தை ஏரியாக்கினார். அதையடுத்த சில வருடங்களில் குதிரைப் பந்தயத் திடலும் ஹில் கிளப்பும் எழுந்தன. 1885 இல் ரயில் நானுஓயாவுக்கு வந்தது. இலைநோயால் கோப்பி அழிந்தபின் சுற்றிலுமிருந்த மலைகளில் தேயிலை படர்ந்தது. அந்தச் சீரான பச்சைப் பரப்பு மரங்களை வெட்டிச் சாய்த்த பிறகு வந்த பச்சை.

கண்டிச் சிங்கள விவசாயியின் பார்வையை எந்தப் பயண நூலிலும் தேடிப் பயனில்லை. 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிகள் சட்டம், உரிமைப் பத்திரம் காட்ட முடியாத காட்டையும் சேனை நிலத்தையும் அரசுடைமை என்று கருத வழிசெய்தது. அவனுக்கு அந்த மலை மேய்ச்சல் நிலமாகவும் விறகுக் காடாகவும் இருந்தது. அது கைவிட்டுப் போன மனக்குறை, 1951 இல் வெளிவந்த கண்டி விவசாயிகள் ஆணைக்குழு அறிக்கை வரை நீடித்தது.

அந்தப் பச்சைப் பரப்பை உண்டாக்கியவர்கள் தமிழர்கள். திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, இராமநாதபுரம், சேலம் போன்ற வெப்ப நிலத்து ஊர்களிலிருந்து கங்காணிகளால் அழைத்துவரப்பட்டவர்கள். 'குளு குளு' என்று சுற்றுலாக் கையேடுகள் எழுதும் அந்தக் குளிர் அவர்களுக்குப் பகையாகவே வந்தது. குளிரைத் தாங்கக் கம்பளி கொடுத்தார்கள். ஆனால் அதன் விலை கடன் கணக்கில் ஏறியது. விடியுமுன் பெரட்டுக்குப் போய், இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு, நனைந்த தேயிலைச் செடிகளுக்கிடையே கொழுந்து கிள்ளும் பெண்ணுக்கு அந்த மூடுபனி கவிதையாகத் தோன்றியிருக்குமா? விரல் விறைத்தால் கொழுந்து குறையும். கொழுந்து குறைந்தால் பெயர் பாதியாகும், அதாவது அரைநாள் சம்பளமே கிடைக்கும்.

துரையின் பங்களா பெரும்பாலும் நாலா புறமும் தெரியும் மேட்டில் அமைந்தது. காட்சிக்காகவும் கண்காணிப்புக்காகவும் என்று இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். லயங்களோ பள்ளத்திலும், தேயிலைக்கு உதவாத சரிவிலும் அமைந்தன. ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி கொண்ட ஒரு காம்பராவில் ஒரு குடும்பம் வாழ்ந்தது. மலையக எழுத்தாளரும் 1947 இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றவருமான சி.வி. வேலுப்பிள்ளை, தேயிலைத் தோட்டத்தைப் பற்றி எழுதியபோது அந்தச் செடிகளின் அடியில் புதையுண்ட தம் மக்களையே கண்டார். அவரைத் தெரிவு செய்த அந்த மக்களில் பெரும்பாலோரை அடுத்த ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது.

நகரிலிருந்து ஹக்கலைக்குப் போகும் வழியில் சீதாஎலிய அம்மன் கோயில் இருக்கிறது. இராவணன் சீதையைச் சிறைவைத்த அசோகவனம் இதுவே என்பது பக்தர் நம்பிக்கை. அந்த நம்பிக்கையின்படி பார்த்தால், இந்த மலையழகின் நடுவே இருந்துகொண்டு எதையும் இரசிக்காமல் ஊர் திரும்பும் நாளை எண்ணிக்கொண்டிருந்த ஒருத்தியின் இடம் அது. தோட்டத்து மக்கள் அந்தக் கோயிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டதற்குக் காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

2023 நவம்பரில், நுவரெலியாவின் செங்கல் தபாலகத்தை ஹோட்டல் திட்டமொன்றுக்குக் கொடுக்கும் முயற்சியை எதிர்த்துத் தபால் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1894 இல் எழுந்த கட்டடம். அதற்காக எழுந்த குரல் நியாயமானதே. அதே ஆண்டில், தாம் வந்து இருநூறு ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்து மலையகத் தமிழர்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். காணியும் வீடும் வேண்டும் என்பது அவர்களுடைய முக்கிய கோரிக்கைகளில் ஒன்று. தபாலகத்துக்குக் கிடைத்த பத்திரிகைத் தலைப்புகள் அதற்குக் கிடைத்ததாக நான் நினைக்கவில்லை.

மலைநாட்டின் தென்புறச் சரிவில், ஹப்புத்தளைக்கு அப்பால், 'லிப்டன் இருக்கை' என்றோர் இடமுண்டு. முகில் ஏறுமுன் தெற்குச் சமவெளியைப் பார்த்துவிட வேண்டுமென்று பயணிகள் இருட்டோடு புறப்பட்டு அங்கு ஏறுகிறார்கள். அதே தென்புறச் சரிவில்தான் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டம் இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலையில் மலை சரிந்து அங்கிருந்த லயங்களை மூடிவிட்டது. அந்தச் சரிவு ஆபத்தானதென்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வருடங்களுக்கு முன்பே எச்சரித்திருந்தது. அப்படியிருந்தும் அன்று காலை மக்கள் அங்கேதான் இருந்தார்கள்.