மறுமைக் கணக்கும் மனிதர் கடனும்

தமிழ்நாட்டின் பல ஊர்களில் இறந்தவருக்கான ஜனாஸாத் தொழுகைக்குச் சற்று முன்பு ஓர் அறிவிப்பு கேட்கும். உடலைச் சுமந்துவந்த சந்தூக்கைப் பள்ளிவாசலில் இறக்கி வைத்திருப்பார்கள். வந்தவர்கள் வரிசையில் நிற்பார்கள். இறந்தவரின் மகனோ தம்பியோ முன்னால் வந்து, "எங்க வாப்பா யாருக்காவது பாக்கி வச்சிருந்தா எங்கிட்ட வந்து வாங்கிக்குங்க. அவங்க பேச்சுல யார் மனசாவது நொந்திருந்தா அல்லாஹ்வுக்காக மன்னிச்சிருங்க" என்பார். அதற்குப் பிறகுதான் இமாம் தக்பீர் கட்டுவார்.

இஸ்லாத்தின் மறுமை நம்பிக்கையைப் புரிந்துகொள்ள இந்த அறிவிப்பைவிட நல்ல வாசல் இல்லை. கபுறில் முன்கர், நக்கீர் என்ற வானவர்கள் கேட்கும் கேள்விகள், எல்லோரும் ஒன்றுதிரட்டப்படும் மஹ்ஷர் வெளி, செயல்களை நிறுக்கும் மீஸான் தராசு, ஸிராத் பாலம் என்று அந்த நம்பிக்கையின் காட்சிகள் தமிழ் முஸ்லிம்களுக்கு நன்றாகத் தெரிந்தவை. நமக்கு முழுமையாகக் கிடைத்துள்ள இஸ்லாமியத் தமிழ் நூல்களில் மிகப் பழையதாகக் கருதப்படும் 'ஆயிர மசலா', 1572இல் வண்ணப் பரிமளப் புலவர் இயற்றியது. மதீனாவின் யூத அறிஞர் அப்துல்லா இப்னு ஸலாம் கேட்க, நபிகள் நாயகம் விடை சொல்லும் முறையில் அமைந்த அந்நூலில் சொர்க்கமும் நரகமும் இறுதி நாளும் விரிவாகப் பேசப்படுகின்றன. ஆனால் இந்தக் காட்சிகளோடு நின்றுவிட்டால், மறுமை என்பது வெறும் அச்சமாகவே மனத்தில் தங்கும். அந்த நாளில் கேட்கப்படும் கணக்கு எதைப் பற்றியது என்று பார்ப்பதே முக்கியம் என்பது என் எண்ணம்.

குர்ஆனின் மிக நீளமான வசனம், அல்பகரா அத்தியாயத்தின் 282ஆவது. அது பேசுவது கடன் பத்திரம் எழுதும் முறையை. தவணை குறிக்க வேண்டும், நேர்மையான ஒருவர் எழுத வேண்டும், சாட்சிகள் வேண்டும், தொகை சிறியதென்று சோம்பி எழுதாமல் விட்டுவிடக் கூடாது என்று அது நீள்கிறது. அதற்கு நேர் முந்தைய வசனமோ, இறைவனிடம் திரும்பிச் செல்லும் நாளை அஞ்சச் சொல்கிறது. குர்ஆனில் கடைசியாக அருளப்பட்டது அந்த வசனமே என்றொரு அறிவிப்பும் உண்டு. மறுமையையும் கொடுக்கல் வாங்கலையும் இப்படி அடுத்தடுத்து வைத்த வேதம், 83ஆம் அத்தியாயத்தை அளவையில் மோசடி செய்வோரைக் கண்டித்தே தொடங்குகிறது. 81ஆம் அத்தியாயம் இறுதி நாளை வர்ணிக்கையில், உயிரோடு புதைக்கப்பட்ட பெண் சிசுவிடம் எந்தக் குற்றத்துக்காக அவள் கொல்லப்பட்டாள் என்று விசாரிக்கப்படும் என்கிறது. வாயற்றுப் போனவளுக்கு அங்கே வாய் கிடைக்கிறது.

மார்க்க அறிஞர்கள் கடமைகளை இரண்டாகப் பிரிப்பார்கள்: இறைவனுக்குரிய ஹக்கு (உரிமை), அடியார்களுக்குரிய ஹக்கு. முதலாவதில் குறை வைத்தவன் மனம் வருந்தி மீளும் தவ்பா செய்தால் இறைவன் மன்னிப்பான். இரண்டாவதற்குத் தவ்பா மட்டும் போதாது. உரியவருக்குத் திருப்பித் தர வேண்டும், அல்லது அவர் மனமுவந்து மன்னிக்க வேண்டும். ஒருமுறை நபிகள் (ஸல்) தோழர்களிடம், ஒன்றுமில்லாமல் நொடித்துப்போனவன் யார் என்று கேட்டார்கள். காசும் பொருளும் இல்லாதவன் என்றார்கள் தோழர்கள். தொழுகை, நோன்பு, ஜகாத் எல்லாவற்றோடும் மறுமைக்கு வந்து, தான் ஏசியவர், அவதூறு பேசியவர், அடித்தவர், பொருளைப் பறித்தவர் ஆகியோருக்குத் தன் நன்மைகளையெல்லாம் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு, அவையும் போதாமல் அவர்கள் பாவங்களைச் சுமந்து நிற்பவனே அப்படி நொடித்தவன் என்று விளக்கினார்கள். கடனோடு இறந்த ஒருவருக்குத் தொழுவிக்க நபிகள் தயங்கியதும், அபூ கதாதா என்ற தோழர் அந்தச் சில தீனார்களைத் தாம் ஏற்ற பிறகே தொழுவித்ததும் ஹதீஸில் வருகின்றன. நம் ஊர்ப் பள்ளிவாசலில் மகன் நின்று சொல்லும் அறிவிப்புக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

இறந்தவருக்கும் ஹக்கு உண்டு. குளிப்பாட்டுவது, கஃபன் துணி போர்த்துவது, தொழுவது, அடக்குவது ஆகிய நான்கும் சமுதாயத்தின் மேல் விழும் ஃபர்ளு கிஃபாயா. சிலர் செய்துவிட்டால் எல்லோர் பொறுப்பும் நீங்கும். ஒருவரும் செய்யாவிட்டால் ஊர் முழுதும் குற்றவாளி. தனி மனிதனை மட்டுமே விசாரிப்பது போலத் தோன்றும் மறுமை, இந்த இடத்தில் ஊரையே கூண்டில் ஏற்றுகிறது.

அந்தப் பொறுப்பு எவ்வளவு தூரம் செல்லும் என்பதைப் புனே 2020இல் கண்டது. மகாராஷ்டிரத்தின் முதல் கொரோனா நோயாளிகள் அந்த ஆண்டு மார்ச் 9 அன்று இந்நகரில்தான் கண்டறியப்பட்டார்கள். அடுத்த மாதங்களில் பிள்ளைகள் தனிமைப்படுத்தலில் இருக்க, பெற்றோர் ஆஸ்பத்திரியில் தனியே இறந்தார்கள். உடலைக் குளிப்பாட்டுவதற்கும் தழுவுவதற்கும் மத்திய சுகாதார அமைச்சகத்தின் நெறிமுறை தடை விதித்திருந்தது. சொந்தக்காரர்களே அருகில் வர அஞ்சிய அந்த நாட்களில் மூல்நிவாசி முஸ்லிம் மஞ்ச் என்ற அமைப்பின் தொண்டர்கள், அதன் தலைவர் அஞ்சும் இனாம்தார் முன்னின்று நடத்த, பாதுகாப்புக் கவசம் அணிந்து அந்த உடல்களை ஏற்றார்கள். முஸ்லிம்களைக் கபரஸ்தானில் அடக்கினார்கள். இந்துக்களின் உடல்களைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோய்த் தகனம் செய்தார்கள். காம்ப் பகுதியின் ஆஸம் கேம்பஸ் கல்வி வளாகத்திலோ, பள்ளிவாசல் கூடத்தையே தனிமைப்படுத்தும் இடமாக்கத் தர முன்வந்தார்கள்.

உடலைத் தீயிடுவது தங்கள் மார்க்கத்தில் இல்லாத செயல் என்று அந்தத் தொண்டர்களுக்குத் தெரியும். ஆனாலும் இறந்தவரின் நம்பிக்கை எதுவோ அதன்படி அனுப்புவதே அவருக்குரிய ஹக்கு என்று கொண்டார்கள். இதை வெறும் சமூக நல்லிணக்கம் என்று பாராட்டிவிட்டு நகர்வது குறைவான பாராட்டு. அதற்கு மார்க்கத்திலேயே வேர் உண்டு. ஒரு யூதரின் பிரேதம் கடந்து சென்றபோது நபிகள் எழுந்து நின்றார்கள். அது யூதருடையது என்று சுட்டியவர்களிடம், அதுவும் ஓர் உயிரல்லவா என்று கேட்டார்கள். நான் நோயுற்றிருந்தேன், நீ வந்து பார்க்கவில்லையே என்று இறைவனே மறுமையில் மனிதனிடம் கேட்பான் என்கிறது இன்னொரு ஹதீஸ். திகைத்து நிற்பவனிடம், இன்ன அடியான் நோயுற்றபோது நீ போயிருந்தால் என்னை அங்கே கண்டிருப்பாய் என்று சொல்லப்படும். இந்தக் கேள்விக்கு விடை தயாரித்துக்கொண்டவர்களாகவே அந்தத் தொண்டர்களை நான் பார்க்கிறேன்.

அதே காலத்தில் எதிர்த் திசையிலும் காரியங்கள் நடந்தன. 2020 மார்ச் 30 அன்று, எந்த மதத்தவராயினும் கொரோனாவில் இறந்தோரை எரிக்க வேண்டும் என்று மும்பை மாநகராட்சி ஆணையிட்டது; எதிர்ப்பு எழுந்ததும் சில மணி நேரத்தில் பின்வாங்கியது. இலங்கையில் அப்படி நடக்கவில்லை. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார அமைப்பு சொல்லியும், 2020 ஏப்ரல் முதல் 2021 பிப்ரவரி வரை தகனம் அங்கே கட்டாயமாக இருந்தது. பிறந்து 20 நாளே ஆன ஒரு சிசுவும் டிசம்பரில் பெற்றோரின் சம்மதமின்றி எரிக்கப்பட்டது. அதை எதிர்த்துக் கொழும்பு பொரளை மயானத்தின் வேலியில் மக்கள் கஃபன் துணியின் வெள்ளைத் துண்டுகளைக் கட்டினார்கள். மற்ற மதத்தவரும் வந்து கட்டினார்கள். பிறகுதான் மட்டக்களப்பு மாவட்டத்தின் ஓட்டமாவடியில் அடக்கம் அனுமதிக்கப்பட்டது.

எரிந்த உடலை இறைவனால் எழுப்ப முடியாது என்று அந்த மக்கள் கலங்கவில்லை. கணக்குக்கு அஞ்சி, தன்னை எரித்துச் சாம்பலைக் காற்றிலும் கடலிலும் தூவச் சொல்லி இறந்த ஒருவனை இறைவன் ஒன்றுசேர்த்து நிறுத்தினான் என்றும், அந்த அச்சத்துக்காகவே மன்னித்தான் என்றும் நபிமொழி உண்டு. இறந்துபோன தங்கள் மையித்துக்குச் செய்ய வேண்டியதைச் செய்ய விடவில்லையே என்பதுதான் அவர்கள் துயரம்.

2024 ஜூலையில் இலங்கை அமைச்சரவை இந்தக் கட்டாயத் தகனத்துக்காக மன்னிப்புக் கோர முடிவெடுத்தது. நல்ல முடிவு, தாமதமானது. மார்க்கத்தின் கணக்குப்படி இந்த அநீதி அடியார்களுக்குரிய ஹக்கில் சேரும். அந்த மன்னிப்பை ஏற்பதும் மறுப்பதும் அந்தச் சிசுவின் பெற்றோருக்கும், எரிக்கப்பட்ட மற்றவர்களின் குடும்பத்தாருக்கும் மட்டுமே உள்ள உரிமை. அவர்கள் சார்பில் ஜமாஅத்தோ தலைவர்களோ அதைக் கொடுத்துவிட முடியாது.