ஆட்டின் கழுத்தைக் கவ்விய நாயும் "வொர்ரி" என்ற சொல்லும்

"டாக்டர், எல்லா டெஸ்ட்டும் நார்மல்னு சொல்றீங்க. அப்போ தொண்டைய யாரோ புடிச்சு அமுக்குற மாதிரி இருக்கே, அது என்ன?"

இந்தக் கேள்வி காதில் விழாமல் எந்த மருத்துவருக்கும் ஒரு மாதம் கூடப் போகாது.

கேட்பவரின் முகத்தில் இரண்டு பயம் தெரியும். ஒன்று, "பெரிய வியாதியை டாக்டர் கண்டுபிடிக்காம விட்டுட்டாரோ?" இன்னொன்று, "நான் நடிக்கிறேன்னு நினைச்சிடுவாரோ?"

இதற்கான பதிலின் பாதி ஒரு ஆங்கிலச் சொல்லின் வரலாற்றில் இருக்கிறது. பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

அந்தச் சொல் "வொர்ரி". "டோன்ட் வொர்ரி"னு ஒரு நாளைக்குப் பத்து தடவை சொல்றோம். நமக்கு அது மனசு சம்பந்தப்பட்ட சொல். ஆனால் ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஆங்கிலத்தில் இதன் மூத்த வடிவத்துக்கு மனசோடு எந்தச் சம்பந்தமும் கிடையாது. அதன் பொருள், கழுத்தை நெரிப்பது!

ஜெர்மன் மொழியில் இதன் உறவுக்காரச் சொல்லான "வூர்கன்" இன்றைக்கும் நெரிப்பதைத்தான் குறிக்கிறது.

பிறகு ஆங்கிலத்தில் இந்தச் சொல் மேய்ச்சல் நிலத்துக்குப் போனது. ஓநாயோ நாயோ ஆட்டின் தொண்டையைக் கவ்வி உலுக்கிக் கொல்வதற்கு அதுதான் பெயர். அப்புறம் ஒருத்தரை விடாமல் தொந்தரவு செய்வதற்கும் அதே சொல் வந்தது. 19ஆம் நூற்றாண்டில்தான் "தனக்குள் கவலைப்படுவது" என்ற இன்றைய பொருள் நன்றாக வேரூன்றியது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். முதலில் கடிப்பது ஒருத்தர், கடிபடுவது இன்னொருத்தர். கடைசியில் இரண்டுமே ஒரே ஆள்.

பழைய பொருள் இன்னும் சாகவில்லை. பிரிட்டனில் 1953இல் வந்த கால்நடைப் பாதுகாப்புச் சட்டம் ஒன்று இருக்கிறது. ஒருவரின் நாய் விவசாய நிலத்தில் கால்நடைகளை "வொர்ரி" செய்தால் அது குற்றம். கடித்தால்தான் குற்றம் என்றில்லை. காயமோ, துன்பமோ, கருச்சிதைவோ ஏற்படக்கூடிய விதத்தில் துரத்தினாலே போதும்.

அதாவது பல்லே படாமல், வெறும் பயத்தாலேயே ஒரு சினை ஆட்டின் உடம்பு பாதிக்கப்படலாம் என்பதைச் சட்டமே ஒத்துக்கொள்கிறது. மனுஷ உடம்புன்னு வந்தா மட்டும் நாம ஏன் நம்ப மாட்டேங்கிறோம்?

இந்தச் சொல்லின் மற்ற சொந்தக்காரர்களையும் பாருங்க.

"ஃப்ரெட்": கவலையில் புழுங்குவது. பழைய ஆங்கிலத்தில் இதற்குத் தின்று தீர்ப்பது என்று பொருள். துணியை அந்துப்பூச்சி அரிப்பதற்கும், இரும்பைத் துரு தின்பதற்கும் இதையே சொன்னார்கள். நாமும் "மனசை அரிக்குது"ன்னுதானே சொல்றோம்.

"ப்ரூட்": ஒரே விஷயத்தை நினைத்து நினைத்து மருகுவது. கோழி அடைகாப்பதற்கும் இதே சொல்தான்.

"ஆங்சைட்டி": நம் கதைக்கு முக்கியமானவர் இவர். லத்தீனில் "ஆங்கெரெ" என்றால் இறுக்குவது, நெரிப்பது. அந்த வேரில் வந்தது ஆங்சைட்டி. அதே வேரோடு உறவுள்ள இன்னொரு சொல்லும் உங்களுக்குத் தெரியும். இதயத்துக்கு ரத்தம் போதாமல் வரும் நெஞ்சுவலி, "ஆஞ்சைனா".

ஆஞ்சைனா என்பது முதலில் தொண்டை அடைத்துக்கொள்ளும் நோய்க்கான பெயர். 1768இல் லண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன், நடக்கும்போது நெஞ்சில் வந்து, நின்றால் விட்டுவிடும் ஒரு வலியைப் பற்றி மருத்துவக் கல்லூரியில் கட்டுரை வாசித்தார். 1772இல் அது அச்சில் வந்தது. வலி வரும் இடத்தையும், கூடவே வரும் நெரிபடும் உணர்வையும் பதைப்பையும் வைத்து அவர் சூட்டிய பெயர் "ஆஞ்சைனா பெக்டோரிஸ்". நெஞ்சின் நெரிப்பு.

அதே காலத்தில் அதே லண்டனில் இருந்த பெரிய அறுவை மருத்துவர் ஜான் ஹன்டர். அவருக்கே ஆஞ்சைனா இருந்தது. கோபம் வந்தால் வலியும் வரும். தன்னைச் சீண்டிப் பார்க்க நினைக்கிற எந்த அயோக்கியன் கையிலும் தன் உயிர் இருக்கிறது என்று அவரே சொல்லிக்கொண்டிருந்தார்.

1793 அக்டோபர் 16. செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனை நிர்வாகக் கூட்டத்தில் வாக்குவாதம். ஹன்டர் எழுந்து பக்கத்து அறைக்குப் போனார். அங்கேயே சரிந்து இறந்தார். பிரேதப் பரிசோதனையில் அவருடைய இதயத் தமனிகள் எலும்பு மாதிரி இறுகியிருந்தன. பின்னாளில் அம்மைத் தடுப்பூசியால் புகழ்பெற்ற எட்வர்ட் ஜென்னர் அவருடைய மாணவர். ஆசிரியரின் இதயத் தமனியில்தான் கோளாறு என்று ஜென்னர் முன்பே ஊகித்திருந்தார்.

ஹன்டருக்கு இருந்தது மனசுப் பிரச்சனையா, இதயப் பிரச்சனையா? அடைப்பு நிஜம். அதை உசுப்பிவிட்ட கோபமும் நிஜம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரில் பல சிப்பாய்களுக்குப் படபடப்பு, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல். மருத்துவர் ஜேக்கப் டகோஸ்டா பரிசோதித்தார். பலருடைய இதயத்தில் கட்டமைப்புக் கோளாறு எதுவும் தெரியவில்லை. அவர் அவர்களை நடிக்கிறார்கள் என்று ஒதுக்கவில்லை. "எரிச்சலுற்ற இதயம்" என்று பெயர் வைத்து 1871இல் விரிவாக எழுதினார். 1895இல் ஃப்ராய்ட், பதற்றத்தைத் தனி நோயாகப் பிரித்தபோதும் படபடப்பையும் மூச்சுத் தொந்தரவையும் வியர்வையையும் அதன் அறிகுறிகளாகவே சேர்த்தார். 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு, ஓயாத பதற்ற நோய்க்கும் திடீர் பீதி நோய்க்கும் தனித்தனிப் பெயர் கொடுத்தது.

சரி, தொண்டையை அமுக்குவது யார்? நம்ம உடம்புதான். கவலையில் அட்ரினலின் கூடுகிறது, இதயம் வேகமெடுக்கிறது. கழுத்து, தொண்டைத் தசைகள் இறுகுகின்றன, அதனால் உருண்டை நிற்கிற மாதிரி இருக்கிறது. மூச்சு வேகமாகி கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறினால் விரல் மரத்துப்போகும், தலை சுற்றும். ஈசிஜியிலும் எண்டோஸ்கோப்பியிலும் இது தெரியாமல் போகலாம். அதனால் அது பொய் ஆகிவிடாது.

இனி இரண்டு விஷயம் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது: நெஞ்சில் பாரமோ இறுக்கமோ வந்து, அது இடது கைக்கோ தாடைக்கோ பரவினால், வியர்த்தால், நடக்கும்போது கூடினால், "டென்ஷன்தான், கேஸ்தான்"னு நீங்களா முடிவு பண்ணாதீங்க. உடனே மருத்துவமனைக்குப் போய் ஈசிஜி எடுங்க. பதற்றமும் ஆஞ்சைனாவும் ஒரே வேரில் பிறந்தவை. ரெண்டும் ஒரே மாதிரிதான் வந்து கதவைத் தட்டும்.

இரண்டாவது: பரிசோதனைகள் எல்லாம் சரியாக இருந்து, கவலை மட்டும் மாதக்கணக்கில் விடாமல், தூக்கத்தையும் வேலையையும் கெடுத்தால், அதுவும் சிகிச்சை உள்ள நோய்தான். பேச்சுவழிச் சிகிச்சை இருக்கிறது, மருந்துகளும் இருக்கின்றன. எங்கே போவது என்று தெரியவில்லை என்றால் இந்திய அரசின் டெலி மானஸ் எண் 14416க்குக் கூப்பிடுங்கள்.

உங்க வீட்டில் யாராவது "தொண்டைய அமுக்குது"ன்னு சொன்னா, "டெஸ்ட்ல ஒண்ணும் இல்ல, சும்மா இரு"ன்னு வாயை அடைக்காதீங்க. "எப்போலேர்ந்து இருக்கு? என்ன யோசனை ஓடுது?"ன்னு பக்கத்துல உட்கார்ந்து கேளுங்க. அவங்க கற்பனை பண்ணிச் சொல்லல. அந்தச் சொல்லுக்கு ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி என்ன பொருளோ, அதைத்தான் சொல்றாங்க.